மாடி அறையும் மகிழ மரமும்

சொத்து வரியைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று மனுக் கொடுப்பது சிவனை நம்புகிறவன் செய்கிற காரியமா? 2022-ல் எங்கள் உழவாரக் குழுவின் மூத்தவர் என்னிடம் கேட்டார். "வீடே அவன் போட்ட பிச்சை. அதுல பத்தடி கூடப் போச்சு, கொறஞ்சு போச்சுன்னு ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணுமா ஐயா?" அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணம் சரியில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பேரூராட்சியில். அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டின் நகரங்கள், பேரூர்கள் எல்லாவற்றிலும் சொத்து வரியை உயர்த்தினார்கள். எங்களைப் போன்ற ஊர்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம் உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. ஓரடி தாண்டினாலும் அடுத்த படி. என் வீடு 1,160 சதுர அடி. எனக்கு வந்த அறிவிப்பில் 1,310 என்றிருந்தது. வாசலில் வெயிலுக்குப் போட்ட கீற்றுப் பந்தலையும், பின்பக்கம் துணி துவைக்கிற திறந்த தளத்தையும் கான்கிரீட் கட்டடம் என்று சேர்த்துவிட்டார்கள். 50-ல் நிற்க வேண்டியவன் 75-க்குப் போய்விட்டேன்.

பற்றை விடு என்று பெரியவர்கள் சொன்னது உண்மைதான். விட வேண்டும் என்றால் உண்டியலில் போடலாம், பசித்தவனுக்குக் கொடுக்கலாம். பொய்யான ஓர் அளவைப் பேசாமல் ஏற்றுக்கொள்வது எப்படித் துறவாகும்? எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசலில் பந்தல் இருக்கிறது. நாலு வீடு தள்ளி, மகன் அனுப்பும் பணத்தில் தனியாக இருக்கிற ஒரு பாட்டி வீட்டிலும் இருக்கிறது. பந்தலைக் கட்டடமாக எழுதுவது இங்கே வழக்கம் என்று நான் விட்டுக்கொடுத்தால், அந்த வழக்கத்துக்கு அவர்தான் பணம் கட்டுவார். என் பொறுமைக்கான விலையை இன்னொருவர் தலையில் வைக்க எனக்கு உரிமையில்லை.

மூத்தவருக்கு நான் சொன்ன பதில் பெரிய புராணத்திலிருந்து. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு இறைவன் கிழவனாக வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டினான். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். கிழவன் என்ன செய்தான்? நெற்றிக்கண்ணைத் திறக்கவில்லை, விசுவரூபம் காட்டவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனான். அங்கே இருந்தவர்கள் அந்த ஓலையிலிருந்த சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை, அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். உலகமே தன்னுடையதாக இருக்கிறவன், ஊர்ச் சபையில் நின்று ஆவணம் காட்டி வழக்காடியிருக்கிறான். அப்படியிருக்கப் பழைய வரி ரசீதும் வரைபடமும் எடுத்துக்கொண்டு செயல் அலுவலர் முன்னால் நான் நிற்பதில் என்ன குறை?

நீதிமன்றம் போவதற்கு முன்னால் ஊர் அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது. 2020 அக்டோபரில் நடிகர் ரஜினிகாந்த், தன் ராகவேந்திரா திருமண மண்டபத்துக்குப் போட்ட 6.5 லட்சம் ரூபாய் வரியை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். நீதிபதி கண்டித்ததும் வழக்கைத் திரும்பப் பெற்று வரியைக் கட்டினார். மாநகராட்சியில் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும் என்று அவரே பிறகு வெளிப்படையாகச் சொன்னார்.

மனு எழுதுவதற்கு முன்னால் வீட்டை நானே அளந்தேன். மாடியில், வரி அளவெடுத்தவர்கள் ஏறிப் பார்க்காத இடத்தில், ஷீட் போட்ட ஓர் அறை புதிதாகக் கட்டியிருந்தேன். ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், சிப்காட்டில்தான் வேலை. அவர்களில் ஒருவன் டேப்பின் முனையைப் பிடித்தான். ஷீட்டை இறுக்கியிருந்த ஜே போல்ட் துருவில் டேப் மாட்டிக்கொள்ள, அவன் மெதுவாக எடுத்துவிட்டு மறுபடி மூலையில் வைத்தான். 110 சதுர அடி. 1,160-உம் 110-உம் 1,270. மறுபடியும் 75 சதவீதப் படி.

என் மனைவி கேட்டாள், "ஏங்க, மாடி ரூமை அவங்களே எழுதல. நாமளா போய் எதுக்குச் சொல்லணும்? பந்தலை மட்டும் எடுக்கச் சொல்லுங்க." அவள் பேராசையில் பேசவில்லை, ஓய்வூதியக் கணக்கு அவள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவள் சொன்னபடி எழுதினால் மனுவில் ஒரு வரிகூடப் பொய்யாக இருக்காது, மனு மட்டும் பொய்யாக இருக்கும்.

இதற்கும் சுந்தரர் கதைதான் எனக்கு வழி காட்டியது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் இறைவன் சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். இறைவன் அந்த நேரம் மகிழ மரத்தடிக்குப் போய்விட்டால் சத்தியம் கட்டுப்படுத்தாதே என்று திட்டமிட்டு, அவனிடமே அப்படிக் கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரிடம், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டான். வேறு வழியின்றி அங்கே சத்தியம் செய்தவர், பின்னால் அதை மீறி ஒற்றியூரை விட்டுக் கிளம்பினார். கண் இரண்டும் போயின. நண்பன் என்பதற்காக இறைவன் அந்தச் சந்து வழியை விட்டுவைக்கவில்லை. கண்ணில்லாமல் வந்தவருக்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கொடுத்தான். அந்தக் கோயில் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்ததில் பழைய இடம் நீருக்குள் போக, ஊன்றீசுவரரைப் பூண்டியில் வேறிடத்தில் எழுந்தருளச் செய்தார்கள். ஓலையைக் காட்டி உரிமை கேட்டவனும், சத்தியத்தில் ஓட்டை தேடியவரைத் தண்டித்தவனும் ஒரே சிவன். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது.

மனுவில் இரண்டையும் எழுதினேன். பந்தலையும் தளத்தையும் நீக்க வேண்டும். மாடியில் 110 சதுர அடி ஷீட் அறை இருக்கிறது, சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்கிய எழுத்தர் இரண்டாவது பத்தியைத் திரும்பப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். முத்திரை வைத்த ஒப்புதல் ரசீது கொடுத்தார். அந்தப் பையன்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனால் தெருக்குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் அவர்களுக்கும் வேண்டும். அந்த அறையின் வாடகையை வாங்குகிறவன் அதற்குரிய வரியைக் கொடுக்கத்தான் வேண்டும்.

மறு அளவீட்டுக்கு வந்தார்கள். பந்தலும் தளமும் போயின, அறை சேர்ந்தது. ஷீட் கூரை என்பதால் அதற்கு விகிதம் குறைவு. வரி கொஞ்சம் இறங்கியது, படி மாறவில்லை. பந்தல் நீங்கிய உத்தரவின் நகலைப் பாட்டிக்குக் கொடுத்து, அவர் பெயரிலும் ஒரு மனு எழுதினேன். அவர் வரியும் திருத்தப்பட்டது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஓர் அறிவிப்பு வந்தால், கட்டுவதற்கு முன்னால் டேப்பை எடுத்து நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். அதிகமாக எழுதியிருந்தால் குறித்த நாளுக்குள் மனுக் கொடுங்கள். விட்டுப்போனது இருந்தால் அதையும் அதே மனுவில் எழுதிக் கொடுங்கள்.