இல்லறத்து இன்பம் யாருடையது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

குலசேகரத்தில் வாழும் பாகவத தம்பதிகளில் தேவிகள் அண்மையில் ஒரு கேள்வி எழுதியனுப்பியிருந்தார். அவருடைய பர்த்தா விடியுமுன் தலைவிளக்கு அணிந்து ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகிறவர். அவர் போன பிறகு இவர் வாசல் தெளித்துக் கோலமிடுவார். நேற்று இட்டதை இன்று இடுவதில்லை என்பது இவராக ஏற்படுத்திக்கொண்ட நியமம். புழக்கடையில் பூத்த பிச்சியும் துளசியும் தொடுத்துக் கோயிலாழ்வாருக்குச் சமர்ப்பிப்பார். மழையால் வெட்டு இல்லாத நாட்களில் இருவரும் ஸ்கூட்டரில் திருவட்டாறு போய் ஆதிகேசவனைச் சேவித்து, சில சமயம் திற்பரப்பு அருவிக்கும் போய்த் திரும்புவார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் பயந்து பயந்து பர்த்தாவின் கையைப் பற்றி நடந்ததையும் எழுதியிருந்தார். உறவில் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஸம்ஸாரத்தில் இவ்வளவு ருசி இருந்தால் பரமபதத்தில் ருசி எப்படிப் பிறக்கும்?" என்றாராம். அதுமுதல் கோலமிடும்போது மனம் கூசுகிறதாம். இந்த மகிழ்ச்சியை விட்டுவிட வேண்டுமா என்பதே கேள்வி.

பெரியவரின் சொல்லுக்குச் சம்பிரதாயத்தில் இடமில்லாமல் இல்லை. திருப்பாவையின் 29-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் மற்ற விருப்பங்களை மாற்றியருளும்படி கண்ணனை வேண்டுகிறாள். அங்கே உரையருளிய பூர்வாசார்யர்கள், உலகத்து ஆசைகளோடு நிற்கவில்லை. கைங்கர்யம் செய்துகொண்டிருக்கும்போதே 'இது என் ஆனந்தத்துக்காக' என்று எழும் எண்ணத்தையும் களை என்று காட்டினார்கள். கைங்கர்யத்துக்கே இப்படியென்றால் கோலத்துக்கும் அருவிக்கும் என்ன கதி?

ஆனால் அவர்கள் களை என்றது எதை என்று பார்க்க வேண்டும். ஆனந்தத்தை அன்று, அதை 'என்னது' என்று வளைத்துக்கொள்வதை. ஆனந்தமே களையாயிருந்தால் எல்லையற்ற ஆனந்தமான பரமபதத்தை நாம் விரும்புவதற்கு வழியே இராது. சேஷபூதனான ஆத்மா தனக்கு என்று ஒன்றை அனுபவிப்பது, சந்தனக்கட்டை தன் மணத்தைத் தானே பூசிக்கொள்ள நினைப்பது போன்றது.

இதில் எம்பெருமானாரின் திருவுள்ளம் தெளிவானது. ஸ்ரீபாஷ்யத்தில் பூமாதிகரணத்தில் இவ்வுலகம் சிலருக்குத் துன்பமாகவும் சிலருக்கு இன்பமாகவும் தோன்றுவது ஏன் என்ற விசாரம் வருகிறது. பித்தம் கொண்டவனுக்குப் பால் ருசிப்பதில்லை; பித்தம் தணிந்தால் அதே பால் இனிக்கிறது. குற்றம் பாலில் இல்லை. அடுத்து இன்னொரு த்ருஷ்டாந்தம். தந்தையான அரசனின் லீலைக்கு உரிய பொருளை, அவனுடையது என்று அறியாமல் பார்க்கும் அரசகுமாரனுக்கு அதில் பிரியம் பிறக்கவில்லை. அவனுடையது என்று அறிந்த கணமே அது மிகவும் பிரியமானதாகிவிடுகிறது. அதற்காகப் பொருள் மாறவில்லை, மாறவும் வேண்டியதில்லை. ப்ரஹ்மத்தின் விபூதியாகக் காண்பவனுக்கு இந்த உலகமே சுகமாகிறது. உலகத்தை வெறுக்கச் சொல்பவர் எழுதும் வரிகள் அல்ல இவை.

'எல்லாம் அவனுடையது' என்று வாயால் சொல்லிக்கொண்டு இஷ்டப்படி வாழ்வதற்கு இது வழி செய்யாதா என்று கேட்கலாம். செய்யும், செய்துகொண்டும் இருக்கிறது. ஆகவே வேறொரு சோதனை வேண்டும். அடியேனுக்குத் தோன்றுவது அனந்தாழ்வான் சரித்திரம். திருமலையில் தங்கிப் புஷ்பகைங்கர்யம் செய்ய யார் முன்வருவார் என்று எம்பெருமானார் கேட்டபோது, அந்தக் குளிருக்கு அஞ்சாமல் எழுந்தவர் அவர். அங்கே நந்தவனம் அமைத்தார்; அதற்கு நீர் வேண்டி ஏரியும் வெட்டினார். அவர் மண்ணை வெட்ட, கர்ப்பிணியான தேவிகள் கூடையில் சுமந்து கொட்டினார். ஒரு சிறுவன் வந்து கைகொடுக்கிறேன் என்றான். அனந்தாழ்வான் மறுத்துவிட்டார்; கைங்கர்யத்தைப் பங்கிட அவருக்கு மனமில்லை. தேவிகளோ அவர் காணாத இடத்தில் கூடையைச் சிறுவனிடம் கொடுத்தார். அது தெரிந்ததும் கடப்பாரையை வீச, அது அவன் மோவாயில் பட்டது. திருவேங்கடமுடையான் திருமோவாயில் இன்றும் பச்சைக் கர்ப்பூரம் சாத்துவதற்கு இந்தச் சரித்திரத்தையே காரணமாகச் சொல்வர். கடப்பாரையையும் கோயில் வாசலில் காணலாம்.

அனந்தாழ்வானின் நிஷ்டையைப் பெரியோர் கொண்டாடுவர், அது தகும். ஆயினும் அடியேனுக்கு மனம் தேவிகளின் பக்கமே சாய்கிறது. கைங்கர்யத்தில் 'எனக்கே' என்ற எண்ணம் நுழைந்த இடத்தில் அடி விழுந்தது எம்பெருமான்மேல். 'நீயும் ஒரு கை பிடி' என்று கூடையைக் கொடுத்தவரிடம் அவன் மண் சுமந்து மகிழ்ந்தான். வீட்டில் செய்யும் சிறு படைப்புகளுக்கும் இதே சோதனை போதும். அண்டை வீட்டுப் பெண்குழந்தை ஓடிவந்து நடுப்புள்ளியில் தன் கையால் ஒரு கோணல் இதழ் வரைந்தால் முகம் சுருங்குகிறதா, மலர்கிறதா? மழை வந்து கோலத்தை அடித்துப் போனால் நாளெல்லாம் மனம் கலங்குகிறதா? ஐப்பசி மழையில் குலசேகரத்தில் இது நடக்காத வாரமில்லை.

இன்னொன்று. இல்லறத்தாரின் சிறு பயணங்களை அற்பம் என்று ஒதுக்குபவர் நம்மாழ்வார் அவதரித்த விதத்தை நினைக்க வேண்டும். அதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. இதே குமரி மாவட்டத்தில், நாகர்கோவிலை அடுத்த திருவண்பரிசாரமே ஆழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையாரின் பிறந்தகம். காரியும் உடையநங்கையாரும் அங்கே போய்த் திருவாழ்மார்பனைச் சேவித்துத் திரும்பும் வழியில், திருக்குறுங்குடி நம்பியின் ஸந்நிதியில் பிள்ளைவரம் வேண்டினார்கள் என்பது குருபரம்பரையில் வரும் செய்தி. அவர்கள் தீர்த்தயாத்திரை என்று சங்கல்பம் செய்துகொண்டு புறப்பட்டவர்கள் அல்லர். மனைவியின் பிறந்தகத்துக்குப் போய்வந்தவர்கள். போகிற வழியில் கோயில் இருந்தது, நின்று சேவித்தார்கள். திருவாய்மொழி நமக்குக் கிடைத்த வழிகளில் அதுவும் ஒன்று. அவர்கள் சேவித்த திருவாழ்மார்பனும் பிராட்டியைத் திருமார்பில் வைத்தே வீற்றிருக்கிறான்; நம் ஸித்தாந்தத்தில் பரதத்துவமே மிதுனமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளைதான் பின்னாளில், உண்கிற சோற்றையும் பருகுகிற நீரையும் மெல்லுகிற வெற்றிலையையும் கண்ணனாகவே கண்ட ஒரு பெண்ணைப் பற்றி, அவள் தாயின் பேச்சாகப் பாடினார். அவளும் வீட்டைவிட்டுத் தனியே திருக்கோளூருக்கு வழிநடந்தவள். சோறு, நீர், வெற்றிலை மூன்றும் அன்றாடத்திலும் அன்றாடமானவை. அவற்றை விலக்கி வைத்துவிட்டு அவள் கண்ணனைத் தேடவில்லை.

இதைச் சொல்லும்போது இல்லறம் தானாகவே புனிதம் என்று யாரும் கொள்ளக் கூடாது. எம்பெருமானாருடைய இல்லறமே நிலைக்கவில்லை. திருக்கச்சிநம்பிகள் அமுதுசெய்த இடத்தைத் தஞ்சமாம்பாள் தீட்டென்று கழுவிய நாள் முதலாக விரிசல் வளர்ந்தது, முடிவு ஸந்யாஸம். பாகவதரை இகழும் இடத்தில் எவ்வளவு கோலமிருந்தும் பயனில்லை. தவிர, பல திருமாளிகைகளில் ஆண்கள் உத்ஸவம் சேவித்து ஆனந்தத்தோடு திரும்புகையில் பெண்கள் இருபது பேருக்குத் தளிகை செய்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பதையும் பார்க்கிறோம். ஒருவரின் அனுபவம் மற்றவரின் முதுகில் ஏறி வருமானால் அங்கே மிதுனம் என்ற சொல்லை எடுப்பதற்கே கூச வேண்டும். பால் வெட்டி, உறையூற்றி, ஷீட் அடித்து முடித்த கையோடு சக்கையை அரிந்து கொடுக்கும் பர்த்தாவும், அதை இடித்துத் துவரனாக்கித் திருவாராதனத்துக்கு அமுதாக்கும் தேவிகளும் இந்த விஷயத்தில் நம்மில் பலருக்கு முன்னே நிற்கிறார்கள்.

ஊர்ப்பெயர் ஒன்றை நினைவூட்டுகிறது. குலசேகரர் என்பது வேணாட்டரசர் பலர் தரித்த பட்டமுமாதலால், அவ்வூருக்கும் ஆழ்வாருக்கும் தொடர்பு தேடுவது இங்கே நம் வேலையன்று. ஆனால் அப்பெயரைக் கேட்டதும் ஸ்ரீவைஷ்ணவருக்குக் கர்ப்பக்ருஹத்தின் வாசற்படி கண்ணில் வரும். குலசேகரன் படி என்றே அதை வழங்குகிறோம். திருவேங்கடத்தில் மீனாக, மரமாக, ஆறாகப் பிறக்க ஆசைப்பட்ட ஆழ்வார், முடிவில் அடியாரும் தேவரும் மிதித்து ஏறும் படியாகக் கிடக்க வேண்டும் என்றார். உடனே, கிடந்தபடியே அவன் திருப்பவளத்தைக் காணவும் வேண்டும் என்றார். படிக்குக் கண் ஏது? இவ்விடத்தில் பெரியோர் ரஸமாக விவரிப்பர்: தனக்கென்று ஒன்றில்லாமல் கிடப்பதில் அசேதனம் போலவும், அவன் முக மலர்ச்சியைக் கண்டு உகப்பதில் சேதனனாகவும் இருக்க வேண்டும் என்பது கருத்து. உகக்காத அடிமையை அவன் கேட்கவில்லை. சமர்ப்பித்த மாலையைக் கண்டு முகம் மலராமல் நிற்பவரைப் பார்த்தால் அவனுக்குத்தான் என்ன போகம்? மாலை என்பதற்கே தமிழில் கோதை என்றும் பெயர். திற்பரப்பில் விழுந்து திருவட்டாற்றை நோக்கி ஓடும் ஆறும் கோதையாறு.

ஆகவே குலசேகரத்துத் தேவிகள் கோலத்தை விட வேண்டியதில்லை; கூச்சத்தை விட்டால் போதும். திருவட்டாற்றில் 22 அடி நீளத்தில் சயனித்திருக்கும் ஆதிகேசவனை மூன்று வாசல்கள் வழியே பகுதி பகுதியாகத்தான் சேவிக்க முடியும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6-இல் அங்கே குடமுழுக்கு நடந்தது. அந்தப் பெருமானைப் பாடும் திருவாய்மொழியில், மோக்ஷம் அருளத் துடித்துக்கொண்டு, ஆழ்வாருடைய சொல்லை எதிர்பார்த்து அவன் காத்திருப்பதைப் பார்க்கிறோம். அதற்கு அடுத்த பதிகம் திருமாலிருஞ்சோலையைப் பற்றியது. மண்ணும் நீருமான இந்த அழியும் திருமேனியோடேயே ஆழ்வாரைப் பரமபதத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எம்பெருமான் ஆசைப்படுகிறான். ஆழ்வார்தான் இந்தத் தேகத்தை விட்டுவிடும்படி அவனிடம் மன்றாட வேண்டியிருக்கிறது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்