உறங்கும் விதை

கடலூரை அடுத்த கேப்பர் மலை போன்ற செம்மண் மேடுகளில் எவரும் நீர் வார்க்காமலேயே ஆவாரை பூக்கும். தமிழகத்தின் பல பகுதிகளில் அப்பொன்னிறப் பூவை பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துப் பொங்கலுக்கு முன் வீட்டில் காப்புக் கட்டுவர். அதன் பட்டையைக் கொண்டு தோலும் பதனிட்டனர். இத்தனை எளிய செடியை விதையிலிருந்து வளர்க்க முனைவோர் முதலில் காண்பது ஏமாற்றமே. விதைத்தவற்றில் பல, வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். நீர் எளிதில் புகாத கடினமான உறை அவற்றுக்கு.

இதைக் குறை என்று கொள்வது சரியன்று. முதல் தூறலிலேயே எல்லா விதைகளும் விழித்துவிட்டால், அடுத்த மழை பொய்க்கும்போது ஒன்றும் எஞ்சாது. ஆகவே வெயிலும் மண்ணும் உறையைத் தேய்க்கத் தேய்க்க, சில இவ்வாண்டும் சில மறு ஆண்டும் முளைக்கின்றன. இதே மாவட்டத்தில், சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரத்தில் நேர்மாறான வழக்கம். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நாற்றாகவே சேற்றில் விழுகிறது. எப்போதும் ஈரமுள்ள அவ்விடத்தில் மழைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. விதை என்றதும் மடிவதைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, உறங்குவதும் ஒரு விவேகம் என்பது புதிதாகத் தோன்றலாம்.

நாற்றங்காலிலோ அவ்வளவு அவகாசமில்லை. விதையை உப்புத்தாளில் தேய்க்கிறோம். அல்லது கொதித்து இறக்கிய நீரில் இட்டு இரவு முழுவதும் ஊற வைக்கிறோம். சில நாள்களில் முளை தெரிகிறது. இவ்வாறு காயப்படுத்தி எழுப்புவது முறையா? முறையே என்பது நம் எண்ணம். ஆனால் எழுப்பியவர் மீது அக்கணமே ஒரு கடன் ஏறுகிறது. வறட்சியைத் தாங்கும் ஆற்றல் ஆணிவேர் ஆழம் சென்ற பின்னரே வருவது. அதுவரை ஆவாரையும் வெறும் இளங்கன்றுதான். 'வறட்சியைத் தாங்கும் செடிதானே' என்று நட்ட கையோடு திரும்புவது, நம் கடனைச் செடியின் தலையில் ஏற்றுவதாகும். குடும்பங்களிலும் இதைக் காண்கிறோம்: பொறுத்துக்கொள்வார் என்று பெயரெடுத்தவருக்கே மேலும் மேலும் சுமை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இம்மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. அத்தகைய அழிவுகளுக்குப் பின் கன்று நடும் விழாக்கள் நடப்பது இயல்பு. நட்ட எண்ணிக்கை மேடையில் அறிவிக்கப்படும். கோடையில் நீர் வார்த்தவர் எத்தனை பேர் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

ஆவாரையை ஐப்பசி மழையை ஒட்டி நிலத்திலேயே ஊன்றுவது நன்று. ஆணிவேருக்கு இடமாற்றம் ஆகாது. பாதி விதைகளைத் தேய்த்தும் பாதியைத் தேய்க்காமலும் இடலாம். தேய்த்தவற்றுக்கு முதல் கோடை கழியும் வரை வாரந்தோறும் ஒரு செம்பு நீர் வேண்டும். மற்றவை கிடக்கட்டும், அவற்றின் கணக்கு மழையோடு.