நெருக்குதலும் மறக்கருணையும்

நெருக்குதல் உயிர்க்குத் தீங்கோ நன்மையோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிகழ்ந்த உலகச் சதுரங்கப் போட்டியில், சென்னை இளைஞர் குகேஷ் முதலாட்டத்திலேயே தோல்வியுற்றார். 11ஆம் ஆட்டத்தில் வென்று முந்தினார். 12ஆம் ஆட்டத்தில் தோற்று அம்முதன்மையை இழந்தார். எனினும் அவர் நெருக்குதற்கு அஞ்சி ஒதுங்கினாரல்லர். இறுதியாகிய 14ஆம் ஆட்டத்தில், சமனாக முடித்தற்குரிய நிலையிலும் அமையாது நெடிது பொருதார். எதிர்நின்ற டிங் லிரேன் பிழைபட, 7½–6½ என வென்று, தம் 18ஆம் அகவையில் உலக முதல்வராயினார்.

இஃது இருவினையொப்பு ஆமோ எனின், ஆகாது. வெற்றியை அவாவுவார்க்கு ஒப்பு யாங்ஙனம் கூடும்? ஆயினும், நேற்றைய தோல்வியின் துயரையும் வெற்றியின் களிப்பையும் இன்றைய ஆட்டத்திற் புகவிடாத பயிற்சி, அவ்வொப்பிற்கு ஒரு படியென்னல் தகும்.

சவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துப் பெருந்தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி, தேய்ப்புண்டமையானன்றோ விண்மீனொளியை ஏற்கின்றது? ஆணவமலம் பரிபாகமுறுதற்கு இறைவன் கூட்டும் இடரும் அத்தகையதே, அது மறக்கருணை.

அற்றேல், நம் மக்களை நாமும் நெருக்கலாமோ எனின், அற்றன்று. உயிரின் பக்குவமறிந்து இடர் கூட்டுதல் முற்றறிவுடைய முதல்வற்கே உரியது. நமக்குரியது வந்ததனைத் தாங்குதலும், தாங்குவார்க்குத் துணை நிற்றலுமேயாம்.