அண்டங்களும் ஓர் எறும்பும்



‘அருமை’ என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கிடைத்தற்கு அரியதாயிருத்தல் ஒன்று, மதிப்புடையதாயிருத்தல் மற்றொன்று. ஒரே சொல் இரண்டையும் சொல்லிவிடுவதால், எது எளிதில் கிடைக்கவில்லையோ அதுவே உயர்ந்தது என்று நாம் கேள்வியின்றிக் கொண்டுவிடுகிறோம். உயிரைப் பற்றி இக்காலத்தார் பேசும் பேச்சிலும் இக்கலப்பு இருக்கிறது. பேரண்டத்தில் உயிர் அரிது, ஆகையால் உயிர் உயர்ந்தது என்கிறார்கள். அந்த ‘ஆகையால்’ பொருந்துமா என்பதே இங்கு நம் விசாரம்.

முதலில் பரப்பைக் கருதுவோம். தேசூர் முதலான ஆரணிச் சீமையின் நெசவூர்களுக்கு மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் கிடக்கிறது. அம்மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்கு 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி 1986 முதல் பணி செய்து வருகிறது. அதே காவலூரில் 1988-இல் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜனின் பெயரை இட்டார்கள். அந்தப் பெயர் முதலில் யாருடையது என்பதை இதன் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை!

விண்மீன்கள் நம் பால்வெளி மண்டலத்தில் மட்டும் 10,000 கோடிக்குக் குறையாமல் உள்ளன என்பர். அண்டையிலுள்ள பெரிய மண்டலமாகிய ஆண்ட்ரோமெடாவின் ஒளி நம்மை வந்து சேர ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் 5,000-க்கும் மேல் இதுவரை அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றிலாவது ஒரு புல் முளைத்திருப்பதாக இன்றுவரை உறுதியான செய்தி இல்லை. உயிர் உண்டென்று நாம் ஐயமின்றி அறிந்த இடம் இப்பூமி ஒன்றே.

இதைக் கேட்பவர் நெஞ்சில் எதிரெதிரான இரண்டு எண்ணங்கள் எழக்கூடும். இத்தனை பெரிய வெளியில் நாம் ஒரு துகளுக்கும் ஈடில்லை, நாம் செய்யும் நன்மை தீமைகளால் யாதொரு பயனும் இல்லை என்ற சோர்வு ஒன்று. இத்தனை பெரிய வெளியில் அறிவுடையவர்கள் நாம் மட்டுமே, மற்றவை யாவும் நமக்காகவே என்ற செருக்கு மற்றொன்று. இரண்டையும் நம் பூர்வாசார்யர்கள் ஏற்கமாட்டார்கள்.

சோர்வுக்கு மறுமொழி எளிது. அண்டங்கள் எண்ணிறந்தவை என்பது நம் ஸம்ப்ரதாயத்துக்குப் புதிய செய்தியன்று. அவை அனைத்தும் சேர்ந்த லீலாவிபூதி, நித்யவிபூதியை நோக்கக் கால்பங்கே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்றியும் நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதல் பதிகத்தில், பத்தாம் பாசுரத்தில், எம்பெருமான் பரந்த அண்டத்தில் எப்படி நிறைந்திருக்கிறானோ, அப்படியே கடலின் ஒவ்வொரு நீர்த்துளியிலும் குறைவற நிறைந்திருக்கிறான் என்று அருளிச்செய்தார். சிறிய இடத்தில் அவன் சுருங்கியிருப்பதுமில்லை, பெரிய இடத்தில் கூடுதலாயிருப்பதுமில்லை. அளவைக் கொண்டு சிறுமை பெருமை பேசுவதற்கு இங்கே இடம் எது? ஜீவாத்மாவோ அணுவளவானது. பிரமன் முதல் எறும்பு வரை அவ்வளவே. ஆயினும் அவ்வணுவின் ஞானம் விரியும் தன்மையுடையது. காவலூரில் இரவெல்லாம் விழித்திருப்பவரின் ஆத்மாவும் அணுதான். அவருடைய அறிவு 25 லட்சம் ஒளியாண்டுகளைத் தொட்டு மீள்கிறது.

செருக்குக்கு மறுமொழி சொல்வதில்தான் நாம் சற்று நிற்க வேண்டும். நாளையே ஆயிரம் கோள்களில் உயிர் இருப்பது கண்டறியப்பட்டால், நம் வாசலில் ஊரும் எறும்பின் மதிப்பு குறைந்துவிடுமா? பொன் மிகுதியாகக் கிடைத்தால் அதன் விலை இறங்கும். அது கடைத்தெருவின் கணக்கு. சேதனமும் அசேதனமும் அனைத்தும் அவனுக்குச் சரீரம் என்று நிர்வஹித்தார் எம்பெருமானார். உடையவனுடைய சம்பந்தத்தால் வந்த மதிப்பு எண்ணிக்கையால் ஏறுவதோ இறங்குவதோ இல்லை. மானிடப் பிறவி பெறுதற்கு அரிது என்று பெரியோர்கள் பலகாலும் சொன்னது உண்மையே. அது, கிடைத்த பொழுதை வீணாக்காதே என்று நம்மை விரைவுபடுத்தச் சொன்னது. மற்ற உயிர்களின்மேல் நமக்குப் பட்டா எழுதிக் கொடுத்ததன்று.

திருமலையில் நந்தவன கைங்கர்யம் செய்த அனந்தாழ்வானைப் பற்றிய ஐதிஹ்யம் யாவரும் அறிந்ததே. மலையிறங்கி வழிநடந்த அவர், உணவு கொள்ளப் பிரசாத மூட்டையை அவிழ்த்தார்; உள்ளே எறும்புகள் இருந்தன. குலசேகராழ்வார் திருவேங்கடத்தில் ஏதேனும் ஒன்றாய்ப் பிறக்க வேண்டினாரே, அவ்விருப்பத்தோடு அங்கே வாழ வந்தவர்களோ இவர்கள் என்று கருதி, நடந்த வழியெல்லாம் திரும்ப ஏறி அவற்றை மலையிலேயே விட்டு வந்தார். எறும்பு அரிய உயிர் என்றா அவர் ஏறினார்? எங்கும் மலிந்த உயிர் அது. எம்பெருமானுடைய இடத்தில் வாழ்ந்த ஓர் உயிரை அவ்விடத்தினின்று பிரித்துவிட்டோமே என்பதே அவருக்குப் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில் தேசூர்ப் பக்கத்துத் தறிகளை நினையாமல் இருக்க முடியவில்லை. பட்டு என்பது புழு தன் வாயினின்று நூற்ற கூடு. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுபட்டுவிடும். ஆகவே அது வெளிவருவதற்கு முன்பே வெப்பத்தால் உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைக் கொன்று, பின் வெந்நீரில் கூட்டை இளக்கி, நூறுநூறு மீட்டர் நீளும் இழையை அறுபடாமல் எடுக்கிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். அதைத்தான் மடி என்று உடுத்துகிறோம். பக்தியோடு பெருமாளுக்கும் சாற்றுகிறோம். இதில் நெசவாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாவு ஓட்டி, ஊடை கோத்து, குழிக்குள் கால்வைத்து நாள் முழுதும் உழைப்பது அவர் குடும்பத்தின் உணவு, வாங்குபவர்கள் நாம். பூச்சி வெளிவந்தபின் கூட்டை நூற்று நெய்யும் அஹிம்ஸைப் பட்டும் இன்று உண்டு. அதன் இழை பஞ்சுபோல் நூற்கப்படுவதால் பளபளப்புக் குறைவு, விலையும் அதிகம்.

பட்டு சுத்தம் என்று சாஸ்திரமறிந்த பெரியோர் கொண்டதை மறுக்க நாம் முற்படவில்லை. ஆயினும் ஒரு கல்யாணத்துக்கு எத்தனை புதுப் பட்டு என்று கணக்கிடும்போது, அனந்தாழ்வான் அந்தக் கடையில் நம்முடன் நின்றிருந்தால் எத்தனையோடு எழுந்திருப்பார் என்று நினைக்கிறோம். பாட்டியார் பெட்டியில் வைத்துப்போன பழைய பட்டுகள் பல இல்லங்களில் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.