மணவாடையும் மனச்சான்றும்

மாந்தர் உடுத்தும் உடைகள் பல. தொழிலுக்கு ஓர் உடை, வழிபாட்டிற்கு ஓர் உடை, விழாவிற்கு ஓர் உடை என அவை வகைப்படும். இவற்றுள் மணநாளில் மணமகள் உடுத்தும் ஆடைக்குத் தனியிடம் உண்டு. வேறெந்த ஆடையும் இத்தனை நாள் தேடப்படுவதில்லை. இத்தனை பேரின் கருத்தைக் கேட்டு வாங்கப்படுவதில்லை. இத்துணை விலை கொடுத்தபின் இத்துணைக் குறைவாக உடுத்தப்படுவதுமில்லை. சில மணி நேரம் உடலை அணி செய்துவிட்டுப் பல்லாண்டு பெட்டிக்குள் உறங்கும் ஆடை அது.

இத்தகைய ஆடைக்குப் பெரும்பொருள் செலவிடுவது அறமாகுமா? சிக்கனம் பேசுவோர் 'ஆகாது' என்று உடனே விடையிறுப்பர். மகளைப் பெற்றவர்கள் 'வாழ்வில் ஒருநாள்தானே!' என்று மறுமொழி கூறுவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரு சாராரும் விலையையே அளவுகோலாகக் கையில் எடுக்கின்றனர். விலைதான் அளவுகோல் என்றால் மலிவான ஆடையெல்லாம் அறத்தின்பாற்படும். விலையுயர்ந்த ஆடையெல்லாம் பழியின்பாற்படும். அறம் அத்துணை எளிய கணக்கன்று. மணவாடை என்பது ஊரறியச் செய்யும் ஓர் அறிவிப்பு. ஆகவே, அது என்ன விலை என்பதற்கு முன், அது என்ன சொல்கிறது, சொல்வது மெய்யா என்று கேட்பதே முறையாகும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மணவாடை வாங்கச் செல்வோர் இருவகைக் கடைகளின் படியேறுகின்றனர். ஒன்று, வெள்ளைக் கவுன் தொங்கும் கண்ணாடிக் கடை. மற்றொன்று, பட்டுச்சேலைகளை விரித்துக் காட்டும் துணிக்கடை. சீனக் குடும்பத்து மணமகளிர் பலரும் தமிழ்க் கிறித்தவ மணமகளிர் சிலரும் முதற்கடையை நாடுவர். பிற தமிழ் மணமகளிர் பெரும்பாலும் இரண்டாவதை நாடுவர். கடைகள் வேறாயினும் அங்கு எழும் வினா ஒன்றே.

வெள்ளைக் கவுன் மிகப் பழைய மரபு எனப் பலரும் கருதுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஐரோப்பாவில் எளிய குடும்பத்துப் பெண்கள் தம்மிடமிருந்த உடைகளுள் சிறந்ததையே மணநாளில் உடுத்தினர். அது நீலமாகவோ பழுப்பாகவோ இருக்கலாம். மணம் முடிந்தபின் ஞாயிறுதோறும் அதுவே கோயிலுக்குரிய ஆடையாகும். அரச குடும்பத்துப் பெண்களோ வெள்ளியிழை மின்னும் ஆடைகளை விரும்பினர். 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் விக்டோரியா அரசியார் இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தபோது வெண்ணிறச் சாட்டின் பட்டை உடுத்தினார். அந்தப் பட்டு இலண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் நெய்யப்பட்டது. அதன்மேல் அணிசெய்த லேஸ் எனும் பின்னல் வேலை, டெவன் மாவட்டத்துச் சிற்றூர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களின் கைகளால் பல மாதங்கள் உழைத்து உருவாக்கப்பட்டது. எந்திரத்தில் செய்த மலிவான லேஸ் சந்தையை நிறைத்துக் கைவினைப் பெண்களின் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த காலம் அது. அரசியாரின் மணவாடை அவர்களுக்கு வேலையும் பெயரும் தந்தது.

அதன்பின் நிகழ்ந்தவையும் எண்ணத்தக்கவை. அந்த லேஸை அரசியார் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. பிற்காலத்துக் குடும்ப விழாக்களிலும் அதை அணிந்தார். 1885ஆம் ஆண்டு அவருடைய இளைய மகள் பியாட்ரிஸ் தாயின் மணமுக்காட்டை அணிந்தே மணந்துகொண்டார். 1897ஆம் ஆண்டு வைரவிழாப் படத்திலும் அரசியாரின் தலையில் அதே முக்காடு விளங்கியது. 1901இல் அவர் மறைந்தபோது அதுவே அவருடன் அடக்கம் செய்யப்பட்டது. மணநாளில் தொடங்கி மரணநாள்வரை ஒரு பெண்ணோடு நடந்த ஆடை அது. உலகம் அதன் நிறத்தைக் கண்டது, பகட்டைக் கண்டது, இரண்டையும் பின்பற்றியது. ஆனால் வாழ்நாள் முழுதும் பயன்கொண்ட அந்தப் பண்பைப் பின்பற்ற மறந்தது.

வெண்மை தூய்மையின் அடையாளம் என்னும் விளக்கம் இந்த வழக்கத்திற்குப் பின்னர் வலுவாக ஒட்டிக்கொண்டது. நிறத்திற்கு இயல்பாகவே பொருள் இருக்குமாயின் அது எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சீனர் மரபில் மணத்திற்குரிய நிறம் சிவப்பு, வெண்மை துயரத்திற்குரியது. தமிழரிடையேயும் வெள்ளைச்சேலை நெடுங்காலம் கைம்மையின் அடையாளமாகத் திணிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஆடைக்குப் பொருள் தருவது நூலுமன்று, சாயமுமன்று, உடுத்துவோரும் காண்போருமே.

இதற்கு மற்றொரு சான்று 1947ஆம் ஆண்டில் கிடைக்கிறது. போர் முடிந்திருந்தும் பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு நீங்கவில்லை. பணம் இருந்தாலும் பங்கீட்டுக் கூப்பன் இன்றித் துணி வாங்க இயலாது. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் இளவரசி எலிசபெத்தின் திருமணம் நிகழ்ந்தது. அவருடைய ஆடைக்கும் கூப்பன் தேவைப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெண்கள் தமக்குரிய கூப்பன்களை அன்புடன் அவருக்கு அனுப்பினர். ஒருவர் கூப்பனை மற்றொருவர் பயன்படுத்துவது சட்டத்திற்குப் புறம்பானது என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. அரசு அவருக்குக் கூடுதலாகச் சில கூப்பன்கள் வழங்கியது உண்மையே. முத்துகள் தைத்த அவ்வாடை எளிய ஆடையன்று என்பதும் உண்மையே. ஆயினும் குடிமக்களின் தட்டுப்பாடு அரண்மனைக்குள்ளும் நுழைந்தது என்பதை அவ்வாடை மறைக்கவில்லை.

அதே போர்க்காலத்தில் படைப்பணி புரிந்த பெண்களுக்கு மணவாடை கிடைப்பது அரிதாயிற்று. எழுத்தாளர் பார்பரா கார்ட்லண்ட், பழைய மணவாடைகளைத் திரட்டி அவர்களுக்கு இரவலாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒருத்தி உடுத்திய கவுனை அடுத்தவள் உடுத்தினாள்; அவள் திருப்பித் தந்ததை வேறொருத்தி உடுத்தினாள். இரவல் என்பது யாவரும் அறிந்ததே. எனவே அதில் பொய்யில்லை, பொய்யில்லாததால் வெட்கமுமில்லை.

சிங்கப்பூரிலும் இத்தகைய வழக்கம் வேரூன்றியுள்ளது. மணவாடைக் கடைகளுக்குப் பெயர்பெற்ற தஞ்சோங் பகார் சாலையில் கவுனை விலைக்கு வாங்கியோரைவிட வாடகைக்கு எடுத்தோரே மிகுதி எனலாம். நிழற்படத்திற்கு ஒன்று, விருந்திற்கு ஒன்று என எடுத்து உடுத்திவிட்டுத் திருப்பித் தருவர். யாரும் அதை இழிவாகக் கருதுவதில்லை. இச்செய்தியைக் கேட்கும் தமிழ்த் தாய்மார் பலர் முகம் சுளிப்பர். 'பிறர் உடுத்ததை மணமேடையில் உடுத்துவதா?' என்பர். அவர்தம் தயக்கத்தை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடலாகாது. அதன் வேர் மிக ஆழமானது.

அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு பழந்தமிழ்த் திருமணத்தைக் காட்டுகிறார். உளுந்து பெய்து ஆக்கிய உணவு, பந்தல், புதுமணல், விளக்கு, மகனைப் பெற்ற மகளிர் நால்வர் வாழ்த்தி நீராட்டும் சடங்கு ஆகியவை அங்கு உள்ளன. மணமகள் உடுத்தியிருப்பது கோடி, அதாவது புத்தாடை. புலவர் அதன் விலையைக் கூறவில்லை, சரிகையைக் கூறவில்லை, புதுமையை மட்டும் கூறுகிறார். புதிய வாழ்வைத் தொடங்குபவள் புதிய ஆடை உடுத்துகிறாள் என்பதே அதன் பொருள். ஒருவர் மறைந்தபோது பிறந்தவீட்டார் கொண்டுவந்து போர்த்தும் ஆடைக்கும் கோடி என்றே பெயர். தொடக்கத்திற்கும் முடிவிற்கும் ஒரே சொல்லை வைத்தது தமிழ்.

அச்சொல்லுக்கு நூறு இலட்சம் என்ற பொருளும் உண்டு. கோடி உடுத்தினால் போதும் என்ற மரபு, கோடி கொடுத்தேனும் உடுத்த வேண்டும் என்ற போட்டியாக மாறியதே இடைக்காலத்தில் நேர்ந்த பிழை. கோடி மரபு புதுமையைக் கேட்கிறது, பகட்டைக் கேட்கவில்லை. வாடகைக் கவுன் பகட்டைத் தருகிறது, புதுமையைக் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு சுமையை நீக்குகிறது. புதியதாகவும் இருத்தல் வேண்டும், பகட்டாகவும் இருத்தல் வேண்டும், மறுமுறை உடுத்தவும் கூடாது என்று எல்லாச் சுமைகளையும் ஒருங்கே ஏற்றிக்கொள்ளும் குடும்பந்தான் நடுத்தெருவில் மூச்சிரைத்து நிற்கிறது.

'அங்ஙனமாயின் எளிமையே அறம் எனக் கூறிவிடலாமே' என்று சிலர் கேட்கக்கூடும். பெரியார் 1929ஆம் ஆண்டிலும் 1954ஆம் ஆண்டிலும் மலாயாவிற்கு வருகை புரிந்தார். அவருடைய சுயமரியாதைக் கருத்துகளின் தாக்கத்தால் இங்கும் சீர்திருத்தத் திருமணங்கள் நிகழ்ந்தன, வீண்செலவு கண்டிக்கப்பட்டது. அந்தக் கண்டனத்தின் நியாயம் இன்றும் குன்றவில்லை. எனினும் எளிமையைப் பிறர்மீது சுமத்துவோர் ஒன்றை மறத்தலாகாது. விடியுமுன் எழுந்து, பால்மரம் வெட்டி, ரப்பர்ப்பால் கறை படிந்த உடையிலேயே ஆயுளைக் கழித்த ஒரு தாய், தன் மகளுக்குப் பட்டு உடுத்திப் பார்க்க விரும்புவது பகட்டன்று. 'என் மகளும் பட்டுக்கு உரியவளே' என்னும் அறிவிப்பு அது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய அந்தப் பட்டு பேசுவது மெய். வசதி படைத்தவர் பிறர் பாராட்டுவதற்காகவே உடுத்தும் பருத்தி ஆடை பொய் பேசுதலும் கூடும்.

பட்டு எப்போது பொய் பேசுகிறது? இல்லாத செல்வத்தை இருப்பதாகக் காட்டும்போது பேசுகிறது. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், வருவாய் சிறிதாயினும் செலவு அதனினும் விரியாதவரை கேடில்லை என்கிறார். வட்டிக்குப் பணம் வாங்கி எடுத்த சேலை மணமேடையில் இரண்டு மணி நேரம் மின்னும். அதன் தவணையோ ஆண்டுக்கணக்கில் வீட்டு வாசலில் வந்து நிற்கும். இருவர் ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம் என உறுதி கூறும் நாளில், அவர்தம் உடலைப் போர்த்தியிருப்பதே ஒரு மறைப்பாக இருக்குமாயின், அந்த உறுதிமொழியின் வலிமை என்னாவது? தீமை பயவாத சொல்லே வாய்மை என்று வரையறுத்தவரும் வள்ளுவரே. எவர்க்கும் தீங்கு தராத ஆடையே வாய்மை பேசும் ஆடை என அதை விரித்துக்கொள்வதில் தவறில்லை.

தீங்கு கடனால் மட்டும் வருவதன்று. சிராங்கூன் சாலையிலோ மஸ்ஜித் இந்தியா சாலையிலோ மணச்சேலை எடுக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தாய் நிறத்தைத் தேர்கிறாள். அத்தை கரையைத் தேர்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்க்கின்றனர். கடைக்காரர் 'இதுதான் இப்போது எல்லோரும் எடுக்கிறார்கள்' என்கிறார். உடுத்தப்போகிறவள் தலையசைக்கிறாள். அத்தலையசைப்பு இசைவா, பணிவா என்று எவரும் கேட்பதில்லை. கவுன் கடையிலும் இதே நிலைதான். ஆடை உடலுக்குப் பொருந்தவில்லையெனில் ஆடையைத் திருத்துவதை விட்டு, உடலை இளைக்கச் செய்யுமாறு பெண்ணுக்கு அறிவுரை கூறப்படுகிறது. 'வேண்டாம்' என்று சொல்ல இயலாத இடத்தில் சொல்லப்படும் 'சரி' மெய்யாகாது. ஓர் ஆடையை மறுக்கும் உரிமை இல்லாதவளுக்கு, நாளை பெரியவற்றை மறுக்கும் உரிமை எங்கிருந்து வரும்?

கடையில் காணப்படாத மற்றொருவரும் உண்டு. அவர் நெய்பவர். காஞ்சிபுரச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வை நெசவுக்குத் தறியில் இருவர் சேர்ந்து உழைத்தல் வழக்கம். ஒரு சேலை முடியப் பல நாள்கள் செல்லும். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவையாக ஒதுக்கி இந்திய அரசு 1985ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. எனினும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது நின்றபாடில்லை. விசைத்தறிச் சேலையை விசைத்தறிச் சேலை என்றே அறிந்து வாங்குவதில் குற்றமில்லை. கைத்தறி எனச் சொல்லி விற்பதும், ஐயம் இருந்தும் கேளாமல் வாங்குவதும் நெசவாளியின் கூலியைப் பறிக்கும் செயல்களாகும். விக்டோரியா அரசியாரின் ஆடையில் பாராட்டத்தக்கது வெண்மையன்று; அதைப் பின்னிய கைகள் அறியப்பட்டிருந்தன என்பதேயாகும்.

1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்திரா நேரு, பெரோஸ் காந்தியை மணந்தார். அன்று அவர் உடுத்தியது இளஞ்சிவப்புக் கதர்ச்சேலை. சிறைவாழ்வில் தந்தை நேரு தம் கையால் நூற்ற நூலில் நெய்யப்பட்டது அது. நேருவின் குடும்பத்தால் பட்டு வாங்க இயலாதா? இயலும். ஆயினும் தந்தை சிறையிலிருந்த நாள்களையும், மகள்மீது கொண்ட அன்பையும், ஒரு நாட்டின் வேட்கையையும் அந்தப் பருத்தி நூல் ஒருங்கே சொல்லியது. எந்தப் பட்டும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

எல்லாத் தந்தையரும் நூல் நூற்க வேண்டும் என்பதில்லை. எல்லா மணமகளிரும் கதர் உடுத்த வேண்டும் என்பதுமில்லை. பட்டாயினும் பருத்தியாயினும், கவுனாயினும் கூறையாயினும், புதியதாயினும் இரவலாயினும், மணவாடை மூன்று பேருக்கு உண்மையாக இருத்தல் வேண்டும்: உடுத்துபவளுக்கு, பணம் தருபவருக்கு, உழைத்தவருக்கு. இம்மூவருள் ஒருவரையும் வருத்தாத ஆடை எத்துணை எளியதாயினும் மணமேடைக்கு அழகு சேர்க்கும். ஒருவரை வருத்தினும் எத்துணைச் சரிகையாலும் அந்தக் கறையை மறைக்க இயலாது. திருமணம் முடிந்து, பந்தல் பிரிந்து, விருந்தினர் அகன்றபின், மணமகள் ஆடையை மடித்து வைக்கிறாள். அப்போது அவள் கைகளுக்குத் துணியின் எடை மட்டுமே தெரியுமானால், அந்த ஆடை நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டது என்று துணிந்து கூறலாம்.