உட்கார ஒரு சட்டம்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு சிறிய திருத்தம் நிறைவேறியது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது. இவ்வளவுதான் அதன் சாரம். உட்காருவதற்கு ஒரு மனுஷிக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், அதுவரை அவளுடைய கால்கள் யாருக்குச் சொந்தமாக இருந்தன?

சேலத்தில் மாடி மாடியாக எழுந்து நிற்கும் ஜவுளிக் கடைகளுக்கு இளம்பிள்ளை, ஆட்டையாம்பட்டி, இராசிபுரம் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். கூட்டமான டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, கடையில் நின்று, மறுபடி பஸ்ஸில் நின்று வீடு போய், அடுப்படியில் நிற்கிறார்கள். சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. நான்கு மணி நேரத்துக்குமேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக்கூடாது. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் அந்தக் கணக்கு எங்கே போகிறது என்பது வீங்கிய பாதங்களுக்குத் தெரியும். நரம்பு சுருட்டிக்கொண்ட கெண்டைக்கால், ஓயாத இடுப்புவலி, கழிப்பறைக்கு அடிக்கடி அனுமதி கேட்கவேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து வரவழைத்துக்கொண்ட நீர்க்கடுப்பு. இவையெல்லாம் சம்பளக் கவரோடு சேர்ந்து வீட்டுக்கு வருகின்றன.

என்னிடம் படிக்கும் பெண்களில் சிலர் பண்டிகைக் காலத்தில் இப்படிக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருத்தி சொன்னாள்: “சேர் போட்டிருக்காங்க மேடம். ஆனா அதுல யாரும் உக்காந்து நான் பாத்ததில்லைங்க. உக்காந்தா வேல இல்லாம இருக்கறோம்னு நெனச்சுக்குவாங்க.”

சட்டத்தின் எல்லை எதுவென்று அவள் சரியாகச் சொல்லிவிட்டாள். உட்கார ‘வாய்ப்பு’ வரும்போது என்கிறது சட்டம். வாய்ப்பு வந்துவிட்டதா என்று முடிவு செய்வது யார்? சூப்பர்வைசரும் அவர் தலைக்குமேல் இருக்கும் கேமராவும்தான். வாடிக்கையாளர் இல்லாத பகல் மூன்று மணிக்கும் அவள் அலமாரி ஓரம் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் நிற்பதால் ஒரு சேலைகூட அதிகம் விற்கப்போவதில்லை. அப்படியானால் அந்த நிற்றல் எதற்காக?

துணி விற்க நிற்கத்தான் வேண்டுமென்று விதியா? பழைய ஜவுளிக் கடைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணி விரித்த மெத்தைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆண்கள் சேலை விரித்துக் காட்டினார்கள். வாங்க வந்தவர்களும் எதிரே உட்கார்ந்தார்கள். கடை ஷோரூம் ஆகி, குறைந்த சம்பளத்துக்குப் பெண்கள் விற்பனைக்கு வந்தபோது, விற்கிறவர் நிற்பது என்பது வழக்கமானது. இன்றும் கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துதான் பணம் வாங்குகிறார். அவர் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை.

நிற்பது வேலையின் தேவை அல்ல. அது ஒரு அடையாளம். நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. பண்ணையக்காரர் வீட்டு வாசலில் கூலிக்காரர்கள் நின்றார்கள்; திண்ணையில் உட்காரும் உரிமை சாதியைப் பொறுத்திருந்தது. மாமனார் வந்தால் மருமகள் எழுந்தாள். எல்லோரும் சாப்பிடும்வரை நின்று பரிமாறினாள். சாதியும் குடும்பமும் பழக்கிவைத்த அந்தப் பணிவைக் கடை தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரே மாதிரி சேலை உடுத்தி நிறுத்தினால் போதுமானதாக இருந்தது.

தமிழில் ‘இரு’ என்ற சொல்லுக்கு உயிரோடு இருப்பதும் பொருள், உட்காருவதும் பொருள். இருக்கை அதிலிருந்து பிறந்த சொல்தான். முல்லைத் திணைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் தலைவி காத்திருப்பதையும் ‘இருத்தல்’ என்றே சொன்னார்கள். அவளுடைய காத்திருப்பைக் கற்பென்று போற்றினார்கள். கடைப் பெண்ணும் நாளெல்லாம் காத்துத்தான் இருக்கிறாள். அவளுடைய காத்திருப்பும் வேலைதான். ஆனால் நின்று காட்டினால்தான் அது வேலையாகக் கணக்கில் ஏறுகிறது.

யாருக்குக் காட்ட? இங்கேதான் கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. முதலாளியைக் கேட்டால் ‘கஸ்டமருக்கு மரியாதை’ என்பார். அந்தக் கஸ்டமர் நாம்தான். கடையில் நமக்கு ஸ்டூல் போடுகிறார்கள், சில இடங்களில் காபியும் தருகிறார்கள். நாற்பது சேலையை எடுத்துப்போடச் சொல்லி, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்துபோகலாம். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடப் பிறர் கையால் வாங்கிக் குடித்திராத பெண்ணுக்கு, இன்னொருவர் நின்று பணிவிடை செய்யும் இடம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தை நான் இகழமாட்டேன். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவள் எதிரே நிற்கும் இன்னொரு பெண். ஒருத்தியின் ஓய்வு இன்னொருத்தியின் கெண்டைக்காலிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும்போது, அதைப் பெண்களின் விடுதலை என்று எப்படிச் சொல்வது?

‘வேலை கிடைத்ததே பெரிது’ என்று ஒரு பதில் இருக்கிறது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. விசைத்தறியின் சத்தத்தையும் பஞ்சுத் தூசியையும்விடக் கடை மேல் என்று பெண்களே சொல்கிறார்கள். கையில் காசு, நாலு பேரைப் பார்க்கும் வெளி, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும் வாய்ப்பு இவையெல்லாம் மெய்யான பலன்கள். ஆனால் ஒரு நன்மை கிடைத்ததற்காக ஓர் அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நன்றியுணர்வு அல்ல, பேரம். இந்தப் பேரத்தைப் பெண்களிடம்தான் அதிகம் பேசுகிறார்கள்.

இந்த உரிமை வந்த வழியும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. பிரிட்டனில் 1899லேயே மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்தது. நமக்குப் பக்கத்தில், கோழிக்கோட்டில், தையல் வேலை செய்த விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பினரும் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகுதான் உட்காரும் உரிமை. பல ஆண்டுகள் போராடினார்கள். 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அவர்கள் கேட்டது ஒருத்திக்கான சலுகை அல்ல. ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் அவள் சோம்பேறி. அந்தத் தளத்தில் உள்ள எல்லோரும் உட்கார்ந்தால்தான் அது உரிமை. என் மாணவி சொன்ன நாற்காலி காலியாகக் கிடப்பதற்குக் காரணம் அவளுக்குத் துணிவில்லாதது அல்ல. அவளோடு சேர்ந்து உட்கார ஆள் இல்லாததுதான்.

வாடிக்கையாளர் பெயரைச் சொல்லித்தான் அவளை நிற்கவைக்கிறார்கள். அதனால் அது எங்களுக்கு வேண்டாம் என்று நாம் சொல்ல முடியும். அவளிடம் போய் “உட்காருங்க” என்று சொல்வதில் நம் மனசாட்சி ஆறும். திட்டு அவளுக்கு விழும். கேட்கவேண்டியது கல்லாவில். அடுத்த முறை பில் போடும்போது, எந்தப் பெண்ணையும் சுட்டிக்காட்டாமல், உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்: “இங்கே வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி எங்கே? ஏன் யாரும் அதில் உட்காரவில்லை?” ஒருவர் கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். ஆடி மாதம் முழுக்கப் பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.