புதன்கிழமைப் பட்டியல்

எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு வேலை போய்விட்டது, யார் மகள் எஸ்.பி.எம். எழுதுகிறாள், யார் வீட்டில் கடன் தொல்லை. ஒருவர் செத்துப்போனால் அடுத்த புதன் அவர் பேர் அதில் இருக்காது. மனைவி பேர் வரும், பிள்ளைகள் பேர் வரும், பக்கத்தில் 'ஆறுதலுக்காக' என்று ஒரு குறிப்பும் வரும். ஆறு மாதமாக ரத்தப் பரிசோதனை எண் வரைக்கும் சொல்லி ஜெபித்த ஒரு மனிதரை ஒரே ராத்திரியில் வாயிலிருந்து இறக்கி வைத்துவிடுகிறோம். கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடுகிற சின்னத் தமிழ் பாப்டிஸ்ட் சபை இது. நாற்பது பேர் வந்தாலே நாற்காலி பத்தாது. அதனால் ஒரு பேர் குறைந்தால் காதில் நன்றாகவே விழும்.

இதை ஈரமில்லாத வழக்கம் என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதற்குப் பின்னால் ஒரு நேர்மையான பிடிவாதம் இருக்கிறது. 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலமாக இருந்த ஆங்கிலேயர் சிலர், ஜான் ஸ்மித் என்பவர் தலைமையில், குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று முடிவு செய்தார்கள். விசுவாசம் என்பது அவனவன் வாயால் சொல்ல வேண்டியது, அப்பா அம்மா சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அவர்களில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் லண்டனுக்குத் திரும்பி, மன்னர் ஜேம்ஸும் சாகப்போகிற மனிதர்தான், குடிமக்களின் ஆத்துமா மீது அவருக்கு அதிகாரம் கிடையாது என்று எழுதினார். அந்தச் சுதந்திரம் யூதருக்கும் முஸ்லிமுக்கும்கூட உண்டு என்றும் சேர்த்து எழுதினார். (மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பது ஒரு தனி அனுபவம்.) நியூகேட் சிறையில் செத்தார். ராஜாவோ குருவோ குடும்பமோ யாரும் உனக்குப் பதிலாகக் கடவுள் முன்னால் நிற்க முடியாது என்றால், நீ செத்த பிறகு நான் மட்டும் எப்படி நிற்பேன்? இறந்தவர்களுக்காக ஜெபிக்காதது அந்தச் சுதந்திரத்தின் இன்னொரு பக்கம்.

ஆனால் பிரிக்பீல்ட்ஸில் அரை மணி நேரம் நடந்தால் நாம் எவ்வளவு தனியாக நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். ஹோலி ரோசரி தேவாலயத்தில் செத்தவர் பேரைச் சொல்லிப் பூசை வைக்கலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் பௌத்த மகா விகாரையில் தான் செய்த புண்ணியத்தை இறந்துபோன தாய் தகப்பனுக்கு ஒப்புக்கொடுக்கிறார்கள். இந்துக்களுக்குத் திதி, படையல், அமாவாசை. செத்தவர்களுக்கு ஏதாவது செய்யாத வீடு அந்த வட்டாரத்தில் அபூர்வம். சீர்திருத்தச் சபைக்காரர்களான நாங்கள்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம், அதிலும் பாப்டிஸ்டுகள் ரொம்பவே இறுக்கமாக.

இதில் எனக்குள்ள முதல் சிக்கல் தர்க்கம் சம்பந்தப்பட்டது. ஒவ்வொருவரும் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்றால், உயிரோடிருப்பவனுக்காக மட்டும் ஏன் ஜெபிக்கிறோம்? உயிரோடு இருக்கிறவனுக்கு இன்னும் எதுவும் முடிவாகவில்லை, செத்தவனுக்கு முடிவாகிவிட்டது என்பது வழக்கமான பதில். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஜெபக் குறிப்புகளில் பாதி முடிந்துபோன விஷயங்கள். பயாப்சி எடுத்தாகிவிட்டது, ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை. கட்டி புற்றா இல்லையா என்பது வியாழக்கிழமை நாங்கள் முழங்கால் போடும்போதே அந்தச் சதையில் இருக்கிறது. எஸ்.பி.எம். தாள்களைத் திருத்தி முடித்த பிறகுதான் ரிசல்டுக்காக உபவாச ஜெபம் நடக்கிறது.

மைக்கேல் டம்மெட் என்ற தத்துவவாதி 1964-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கப்பல் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மூழ்கிவிட்டது, சிலர் பிழைத்திருக்கிறார்கள் என்று வானொலியில் செய்தி. அதில் போன மகனுக்காகத் தகப்பன் ஜெபிக்கிறான், அவன் பிழைத்தவர்களில் ஒருவனாக இருந்திருக்க வேண்டும் என்று. யூத மரபில் இப்படி முடிந்துபோனதை மாற்றச் சொல்வது வீண் ஜெபம். ஆனால் டம்மெட் அந்தத் தகப்பனை முட்டாள் என்று சொல்ல மறுக்கிறார். கடவுளுக்கு இந்த ஜெபம் வரப்போவது முன்பே தெரியும் என்றால், அதை அப்போதே கணக்கில் எடுத்திருக்கலாமே என்கிறார். சிக்னல் ப்ராசஸிங் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. நேரலையில் ஓடும் ஃபில்டர் அடுத்த நொடியின் தரவைத் தொட முடியாது. பதிவு முழுக்கக் கையில் இருந்தால் முன்னாலும் பின்னாலும் பார்த்து ஓட்டலாம். கடவுளிடம் முழுப் பதிவும் இருக்கிறது என்றுதானே நம்புகிறோம். அப்படியானால் மரணம் என்ற ஒரே ஒரு கோட்டில் மட்டும் ஜெபம் ஏன் நின்றுபோக வேண்டும்? டம்மெட்டின் தகப்பனுக்கே ஒரு எல்லை உண்டு, உண்மை தெரிந்த கணம் அவன் ஜெபத்தை நிறுத்திவிடுவான். ஆகவே ஜெபத்தை நிறுத்துவது மரணமா, நமக்குக் கிடைக்கும் தகவலா?

இது வெறும் புத்தி விளையாட்டு இல்லை. 2017 பிப்ரவரி 13-ம் தேதி, பெட்டாலிங் ஜெயாவில், பட்டப்பகலில், கறுப்பு வண்டிகள் சூழ்ந்து நிறுத்தி போதகர் ரேமண்ட் கோவைக் கடத்திக்கொண்டு போனார்கள். அவர் எங்கள் சபைக்காரர் அல்ல. ஆனாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெழுகுவர்த்தி ஏந்தி ஜெபித்தவர்கள் சபை பார்க்கவில்லை. 2019 ஏப்ரலில் சுஹாகாம், போலீஸின் சிறப்புப் பிரிவுதான் அவரைக் காணாமல் ஆக்கியது என்று முடிவு சொன்னது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் அரசாங்கமும் போலீஸும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அவர் எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருக்காக ஜெபிக்கும்போது எந்தக் காலத்தில் பேசுவது? 'காப்பாற்றும்' என்றால் அவர் உயிரோடிருக்க வேண்டும். 'நன்றி' என்று தொடங்கினால் நாமே அவரைப் புதைத்த மாதிரி. எங்கள் இறையியல் இரண்டு பெட்டி வைத்திருக்கிறது, ஒன்றில் உயிரோடிருப்பவர்கள், இன்னொன்றில் மரித்தவர்கள். காணாமல் போனவர்களை வைக்க அதில் இடமில்லை.

அதற்கு இடம் வைத்திருந்தது என் அப்பாயி. அவருடைய அண்ணனை 1943-ல் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் மாண்ட போர்க் கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, நம் தமிழர்களுக்கு, அப்படி எதுவும் இல்லை. அ. ரெங்கசாமி அந்த ரயிலைப் பற்றிய தன் நாவலுக்கு 'நினைவுச்சின்னம்' என்று பேர் வைத்தது சும்மா இல்லை. செத்த தேதி தெரியாதவர்களுக்கு மரபில் அமாவாசை இருக்கிறது. அப்பாயி ஆடி அமாவாசைக்கு இலை போட்டு மீன், முட்டை, சுருட்டு, ஒரு பாட்டில் ஸ்டௌட் எல்லாம் வைப்பார். "அவனுக்கு என்ன புடிக்கும்னு எனக்கே மறந்துபோச்சு, அதான் எல்லாத்தையும் வைக்கிறேன்" என்பார். அப்பாயி கடைசிவரை சபைக்கு வரவில்லை. அவர் செத்தபோது மூத்த மகனான என் அப்பா கொள்ளி வைக்கவில்லை, சித்தப்பா வைத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடாரம், நாற்காலி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அப்பாவுடையது. படையலுக்கு முன்னால் மட்டும் வெளியே போய் நின்றார்.

இங்கேதான் விஷயம் உண்மையில் வலிக்கிறது. மூன்று நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் குடும்பங்களுக்கு அவர்களுடைய செத்தவர்கள் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்கள்'. வருஷ நினைவுக்கு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கலாம், குறை ஒன்றும் இல்லை. முதல் தலைமுறைக்காரர்களுக்கு அந்த வாக்கியமும் கிடையாது. அப்பாயிக்காகக் கேட்கவும் முடியாது, அவருக்காக நன்றி சொல்லவும் சபையில் கொஞ்சம் தயங்குகிறார்கள். ஐக்கியம் ஐக்கியம் என்று வாரம் தவறாமல் சொல்கிறோம். என்னை வளர்த்தவளின் பேரை அங்கே உரக்கச் சொல்ல முடியாதென்றால், அந்த ஐக்கியத்துக்குள் என்னில் எவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்?

இத்தனைக்கும் நாங்கள் நினைவை மட்டமாக நினைப்பவர்கள் அல்ல. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. கத்தோலிக்கர் போல அப்பம் மாம்சமாகிறது என்று நாங்கள் சொல்வதில்லை. ஒரு துண்டு ரொட்டி, சின்னக் கோப்பையில் ரிபெனா, நினைவுகூருதல், அவ்வளவுதான். மற்ற சபைக்காரர்கள் இதை 'வெறும் நினைவு' என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அந்த 'வெறும்' என்ற வார்த்தை பிடிப்பதில்லை. 1847-ல் கீர்க்கேகார்ட் 'அன்பின் செயல்கள்' நூலில், இறந்தவரை நினைப்பதுதான் சுயநலம் கலக்காத அன்பு என்று வாதாடுகிறார். செத்தவரால் திருப்பித் தர முடியாது, நம்மை வற்புறுத்தவும் முடியாது. இதை நான் முழுசாக ஏற்கவில்லை. அப்பாயி படையல் வைத்தது பாதி அன்பு, பாதி அண்ணன் வந்து கனவில் சண்டை போடுவானோ என்ற பயம். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. இறந்தவர்களுக்காகக் கேட்கக்கூடாது என்பது எங்கள் கொள்கை. அவர்கள் பேரையே சொல்லக்கூடாது என்று எந்தக் கொள்கையிலும் இல்லை. பட்டியலிலிருந்து பேரை அடித்தது ஹெல்விஸ் இல்லை, எங்கள் பழக்கம்.

இதைப் போதகரிடம் சொன்னேன். திருவிருந்து நாளில் வருஷத்துக்கு ஒருமுறையாவது பேர்களை வாசிப்போம், எதுவும் கேட்க வேண்டாம், கிறிஸ்தவரா இல்லையா என்றும் பிரிக்க வேண்டாம் என்று. பக்கத்தில் இருந்த மூப்பர் ஒருவர், "தம்பி, இன்னிக்குப் பேரு, நாளைக்குப் போட்டோ, அடுத்த வருஷம் ஊதுபத்தி" என்றார். அவர் பயம் நியாயமானது. அந்தப் பழைய வீட்டை விட்டு வெளியே வர அவர் கொடுத்த விலை என் தலைமுறை கொடுத்ததைவிடப் பெரியது, சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே அவரைக் கூப்பிடவில்லை. அவரிடம் பதிலுக்கு ஒன்று மட்டும் கேட்டேன், உங்க அம்மா பேரு என்ன அங்கிள் என்று. சொன்னார். பத்து வருஷமாக ஒரே பந்தியில் உட்கார்கிறோம், அன்றைக்குத்தான் அந்தப் பேரைக் கேட்கிறேன்.

போதகர் இன்னும் முடிவு சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்கிறார், டீக்கன்களிடம் பேச வேண்டும் என்கிறார். அதற்குள் சிலர் துண்டுச்சீட்டில் பேர் எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பா கொடுத்ததில் இரண்டு பேர் இருந்தன, அப்பாயி பேரும் சயாமுக்குப் போனவர் பேரும். அந்த இரண்டாவது பேரை அப்பா எழுதியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எழுத்துப் பிழை இருக்குமோ என்று சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சரிபார்த்தாராம்.